நூலகத்துக்குப் போன ஜாதகம்

“என்ற புள்ளை ஜாதகத்த எனக்கே குடுக்க மாட்டீங்களா? இதென்னங்க நாயம்?”

“குடுக்க மாட்டேன்னு சொல்லலீங்க. வெளிய குடுக்க மாட்டேன்னு சொல்றேனுங்க.”

“ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?”

“இங்கயே உக்காந்து எத்தனை நேரம் வேணாலும் பாக்கலாமுங்க. எடுத்துட்டுப் போகத்தான் முடியாது.”

“உக்காந்து பாக்கறதுக்கு அதென்ன டிவியா? மாப்ள ஊட்டுக்காரங்க கையில குடுக்கோணுமுங்க!”

வீரபாண்டி பனியன் கம்பெனி தங்கராஜின் குரல் கல்லூரி நூலகத்தின் மேல்மாடி வரைக்கும் போயிருக்கும். ‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்கு நேர் கீழே நின்றுதான் கத்திக்கொண்டிருந்தார். எதிரே மேசைக்குப் பின்னால் நூலகர் அன்புசெல்வி, சேலை மடிப்பு ஒன்றுகூடக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். தங்கராஜுக்குப் பக்கத்தில் அவர் மனைவி தரணி. தரணிக்குப் பக்கத்தில், கூப்பிடாமலே வந்திருந்த எதிர்வீட்டுச் சுப்புலட்சுமி. வரனைக் கொண்டுவந்தவள் அவள்தான் என்பதால் காரில் முதலில் ஏறி உட்கார்ந்தவளும் அவள்தான்.

“டீச்சர், ஒரே ஒரு நாளைக்குக் குடுங்க. பொழுது சாயறதுக்குள்ள நானே கொண்டாந்து ஒப்படைச்சர்றேன்,” என்றாள் சுப்புலட்சுமி.

“டீச்சர் இல்லீங்க, லைப்ரேரியன்,” என்று திருத்திவிட்டு, அன்புசெல்வி ஒரு தாளைத் தங்கராஜ் பக்கம் நகர்த்தினார். “இதுல இருக்கறது உங்க கையெழுத்துதானுங்களே? ‘இப்பெட்டியிலுள்ள காகிதங்கள் அனைத்தையும் கல்லூரிக்கே உரிமையாக்குகிறேன்’னு இருக்குதுங்க.”

தங்கராஜ் பார்த்தார். கையெழுத்து அவருடையதுதான். துணி வாங்கும் வெளிநாட்டுக்காரன் அனுப்பும் ஆர்டர் தாளில் ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் கண்டுபிடிக்கிற மனுஷன், பெட்டியைக் கொடுத்த அன்றைக்குப் போட்டோக்காரன் ‘சார், இங்க பாருங்க’ என்றதும் படிக்காமல் போட்டுவிட்டார். கழுத்தில் கிடந்த பொன்னாடையும் கொஞ்சம் கண்ணை மறைத்திருக்கலாம்.

இத்தனைக்கும் நடுவே, அறையின் மூலையில், நீலக் கோட்டும் மூக்கை மூடிய முகக்கவசமுமாய் ஒரு பெண் உட்கார்ந்து பழைய கடிதக் கட்டொன்றிலிருந்து தூரிகையால் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். சண்டை ஆரம்பித்ததிலிருந்து ஒரே கடிதத்தைத்தான் தட்டிக்கொண்டிருந்தாள். அதில் தூசியும் இல்லை, இனிமேல் எழுத்தும் இருக்குமா என்பது சந்தேகம். அவள்தான் யாழினி. தங்கராஜின் ஒரே மகள். சண்டைக்குக் காரணமான ஜாதகத்துக்குச் சொந்தக்காரி.

அந்தப் பெட்டிக்குள் ஜாதகம் தானாக நடந்து போகவில்லை. அவள்தான் வைத்தாள்.

இது தெரிந்தால் தங்கராஜ் என்ன செய்வார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்கள் இரண்டும் கோயில் கன்றுக்குட்டியின் கண்கள் மாதிரி ஒன்றும் அறியாமல் இருந்தன. அதையெல்லாம் பழக்கிக்கொள்வதற்குக் கூட்டுக் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். யாழினியின் தாத்தா ஆறுச்சாமி எந்தக் காகிதத்தையும் எறியாத மனிதர். கோயில் திருவிழா நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை, மில் கேட்டில் கொடுத்த துண்டுப் பிரசுரம், சொந்தக்காரர்கள் போட்ட இன்லேண்ட் கடிதம், அவிநாசித் தேருக்குப் போன பஸ் டிக்கெட் என்று எல்லாம் ஒரு பெரிய தகரப் பெட்டியில் கிடந்தன. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பெட்டி மாடிப்படிக்குக் கீழே பூனை குட்டி போடும் இடமாக இருந்தது. இந்தச் சமயத்தில்தான் யாழினி வேலை பார்த்த கல்லூரி நூலகத்தில், திருப்பூர்க் குடும்பங்களின் பழைய காகிதங்களைச் சேர்த்து வைக்க ஒரு காப்பகம் ஆரம்பித்தார்கள். ஏசி அறை, அமிலமில்லா அட்டைப் பெட்டி, எண் போட்ட உறை. ஊர் முழுக்கப் பனியனை மூட்டை மூட்டையாய் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது, உள்ளே வைத்துக்கொள்ள ஒன்றுமில்லையே என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. பக்கத்து வீதிக் கம்பெனிக்காரர் தன் அப்பாவின் கடிதங்களைக் கொடுத்துப் பேப்பரில் போட்டோ வந்ததைத் தங்கராஜ் பார்த்தார். மறுவாரமே பூனையைத் துரத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்.

பெட்டியை வண்டியில் ஏற்றிய காலையில் யாழினி பூஜை அலமாரியிலிருந்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தன் ஜாதக நோட்டை எடுத்துத் தாத்தாவின் கடிதங்களுக்கு நடுவே செருகினாள். காப்பகத்தின் விதிகளைத் தட்டச்சு செய்தவளே அவள்தான். ‘எந்த ஆவணமும் எக்காரணம் கொண்டும் வெளியே செல்லாது.’ பேங்க் லாக்கரைவிடப் பத்திரம்.

எதற்கு இந்த வேலை? சென்னையில் பழைய காகிதங்களைச் செப்பனிடக் கற்றுத்தரும் ஒரு வருடப் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பூச்சி அரித்த தாளுக்கு ஒட்டுப் போட்டு, மங்கிப்போன மையை நிறுத்தி வைக்கிற படிப்பு. ஆகஸ்டில் சேர வேண்டும். “காயிதம் ஒட்டறதுக்கு ஒரு படிப்பா? நம்ம பேக்கிங் செக்‌ஷன்ல பத்துப் பேர் ஒட்டறாங்க, போயி அங்க நில்லு,” என்றார் தங்கராஜ். அவள் அழவில்லை, சாப்பிடாமல் இருந்தாள். மூன்றாம் வேளையில் அவர் இறங்கி வந்தார். “செரி சாமி. ஆடி பொறக்கறதுக்குள்ள ஒரு வரன் முடிவாச்சுன்னா மெட்ராஸ் கெடையாது. முடிவாகலீன்னா போய்க்கோ. நாஞ் சொன்னாச் சொன்னதுதான்.” தங்கராஜ் மற்றது எப்படியோ, வாக்குத் தவற மாட்டார். ஆடியில் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். ஆவணி வரும்போது அவள் சென்னையில் இருப்பாள். ஆகவே ஆடி ஒன்றாம் தேதி வரைக்கும் ஜாதகம் யார் கையிலும் சிக்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் போட்ட கணக்கு.

கணக்கு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, குன்னத்தூர் வரன் வரும் வரைக்கும். பையன் நித்தீஷ், கோழிப் பண்ணையும் தென்னந்தோப்பும் உள்ள குடும்பம். நல்ல பையன், கெட்ட பழக்கம் எதுவும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றாள் சுப்புலட்சுமி. பையனின் அம்மா ரங்காத்தாள்தான் கொஞ்சம் கறார். வாட்ஸப்பில் ஜாதகப் போட்டோ அனுப்புகிறோம் என்றதற்கே அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “போட்டோ வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம், புதுசா எழுதினதும் வேண்டாமுங்க. புதுசா எழுதினது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். பொறந்தன்னிக்கு எழுதின நோட்டக் கண்ணுல பாக்கோணும்” என்று சொல்லிவிட்டாள்.

புதிதாக எழுதவும் வழியில்லை என்பது வேறு கதை. யாழினி பிறந்த நேரத்தைக் கேட்டால் தரணி “பால்காரன் மணியடிச்சப்ப” என்பாள். தங்கராஜ் “நான் லோடு ஏத்திவுட்டுட்டு வந்தப்பவே பொறந்தாச்சு” என்பார். பிரசவ அறை வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றவர் ஆறுச்சாமி ஒருவர்தான். அவர் நேரே ஜோசியர் வீட்டுக்குப் போய் எழுதி வாங்கியதுதான் அந்த நோட்டு. பூஜை அலமாரியில் இல்லை என்றதும் தரணி வீட்டையே புரட்டிப்போட்டாள். கடைசியில் கல்லூரி இணையதளத்தில் பெட்டியின் பட்டியலைப் பார்த்து, ‘யாழினி, த/பெ தங்கராஜ், பிறப்பு ஜாதகம்’ என்று இருப்பதைக் கண்டுபிடித்தவள் சுப்புலட்சுமி. அவள் இணையதளத்தில் எதிர்வீட்டுப் பெட்டியின் பட்டியலை எதற்குப் படித்தாள் என்று கேட்கக் கூடாது. அது அவரவர் ஆர்வம்.

சண்டை அன்றைக்கு முதல்வர் அறையில் போய் முடிந்தது. முதல்வர் அம்மா தங்கராஜை உட்காரவைத்து மோர் கொடுத்தார். விதியை மாற்ற முடியாது என்றார். பிறகு, இனிமேல்தான் வினை, இன்னொன்றும் சொன்னார். “ஆனா யாரை வேணாலும் கூட்டிட்டு வந்து பாருங்க சார். குடுத்தவரு நீங்க, உங்க சம்மதம் போதும். வர்றவங்க பதிவேட்டுல கையெழுத்துப் போட்டாச் செரி. அடுத்த மாசம் ஆய்வுக் குழு வருது, எத்தனை பேர் வந்து பாத்தாங்கன்னு கேப்பாங்க.”

தங்கராஜ் மோரைக் கீழே வைத்தார். முகத்தில், புதிதாக வந்த வெளிநாட்டு வியாபாரி சாம்பிள் துணியைத் தொட்டுப் பார்க்கும்போது வருகிற ஒரு வெளிச்சம் வந்தது.

அடுத்த நாள் சுப்புலட்சுமி தன் கல்யாணத் தரகர் குழுக்களில் இப்படிப் போட்டாள்: ‘ஒரிஜினல் கையெழுத்து ஜாதகம். காலேஜ் சீல் போட்டது. திங்கள் முதல் வெள்ளி வரை நேரில் பார்க்கலாம்.’ காலேஜ் சீல் என்பது காப்பகத்தின் எண் முத்திரைதான். ஆனால் சனங்களுக்குச் சீல் என்றால் சீல்தான். சர்க்கார் முத்திரை குத்திய வெல்லம் மாதிரி அந்த ஜாதகத்துக்கு ஒரு மவுசு வந்துவிட்டது. பல்லடம், பெருந்துறை, கோபி என்று வண்டி கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். பதிவேட்டில் ‘வந்த நோக்கம்’ என்ற கட்டத்தில் பெரும்பாலும் ‘ஆராய்ச்சி’ என்று எழுதினார்கள். ஒருவர் மட்டும் நேர்மையாக ‘மருமகள்’ என்று எழுதியிருந்தார்.

ஒளித்து வைத்ததாக நினைத்த இடம் கடைவீதிக் கண்ணாடி அலமாரியாகிவிட்டது. பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, பக்கத்தைப் புரட்டிக் காட்ட வேண்டியவள் யாழினி. வாசகர்கள் ஆவணத்தைத் தொடக்கூடாது என்ற விதியையும் தட்டச்சு செய்தவள் அவள்தானே. கோட்டும் முகக்கவசமும் போட்டிருந்ததால் யாருக்கும் அவளைத் தெரியவில்லை. ஊரில் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். இங்கே பெண் உட்கார்ந்து வாரக் கணக்கில் மாப்பிள்ளை வீடுகளைப் பார்த்தாள்.

“ஒத்தைப் புள்ளைங்களா? அப்ப கம்பெனி யாருக்கு?”

“நெம்பப் படிச்சிருக்குதாமா. படிச்சதுக வாய் பேசுமே.”

“லைப்ரரில வேலையாமா. செரி, சத்தமில்லாம இருக்கும்.”

அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் புரட்டினாள். நல்லவேளையாக அந்த வீடுகளில் எதற்கும் பொருத்தம் சரியாக அமையவில்லை. ஆனால் குன்னத்தூர்க்காரர்கள் இன்னும் வரவில்லை, அவர்கள் வருகிற நாள் ஆடிக்கு முந்தின வாரம் வியாழக்கிழமை என்று குறித்தாகிவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம் அவள் அன்புசெல்வியின் மேசைக்கு வந்து நின்றாள்.

“மேடம், அந்த நோட்டுல ஓரமெல்லாம் பூச்சி அரிச்ச மாதிரி இருக்குது. ஒரு பத்து நாளைக்குச் செப்பனிட எடுத்து வெச்சுரலாமுங்களா?”

“பூச்சியெல்லாம் இல்ல. நீ வெச்ச அன்னிக்கே பாத்தேன்.”

யாழினி முகக்கவசத்தை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டாள்.

“எல்லாம் ஒரே பழுப்பு, அது மட்டும் மஞ்சள் மணக்குது. பெட்டி மாடிப்படிக்கடியில கெடந்ததுன்னு உங்கப்பாவே மைக்குல சொன்னாரு. பூனை மூத்திரம் அடிக்காம ஒரே ஒரு நோட்டு மட்டும் எப்பிடி இருக்கும்?”

“அப்ப ஏனுங் மேடம் எங்கப்பாகிட்டச் சொல்லலை?”

“அவரு கேக்கலை. எடுத்துட்டுப் போகோணும்னாரு, முடியாதுன்னேன். இப்ப நீ மறைக்கோணும்ங்கற. அதுவும் முடியாது.” அன்புசெல்வி பதிவேட்டை மூடினார். “மறைக்கறதுக்குப் பேங்குல லாக்கர் இருக்குது, யாழினி. இது காட்டறதுக்குன்னு இருக்கற எடம்.”

அன்புசெல்வியிடம் இதற்கு மேல் கேட்பது தண்ணீரைக் கடைந்து வெண்ணெய் எடுப்பதுதான்.

வியாழக்கிழமை வந்தார்கள். ரங்காத்தாள் முன்னால், ஜோசியர் முருகேஷ் அவளுக்குப் பின்னால், அவருக்குப் பின்னால், இன்னும் நிச்சயமாகாத சம்பந்திகளாகத் தங்கராஜும் தரணியும், கூடவே சுப்புலட்சுமியும். தங்கராஜ் ரங்காத்தாளை ‘சம்பந்திம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவள் ஒரு தடவையும் திரும்பி அப்படிக் கூப்பிடவில்லை. ஐம்பதைத் தாண்டிய வயது, ஒடிசலான உடம்பு, எதையும் விலை கேட்பது போலப் பார்க்கிற பார்வை.

வாசலிலேயே ஜோசியரின் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். வெற்றிலைப் பையையும் வாங்கிக்கொண்டார்கள். மஞ்சள் டப்பாவைக் கண்டதும் அன்புசெல்வியே எழுந்து வந்தார்.

“ஒரு பொட்டு வெச்சுக்கறனுங்க, மூலையில மட்டும்,” என்றார் ஜோசியர்.

“ஏற்கனவே நாலு மூலையும் இருக்குதுங்க. அஞ்சாவது மூலை கெடையாது.”

ஜோசியர் பெருமூச்சோடு உட்கார்ந்து மேலே, சுவரில், மூலையில் எல்லாம் பார்த்தார். “என்ன தேடறீங்க?” என்றாள் சுப்புலட்சுமி.

“ஒரு பல்லி சத்தம் கேட்டா உத்தரவுன்னு ஆரம்பிக்கலாமுங்க.”

“இங்க பல்லி இல்லீங்க. பல்லி, பூச்சி, எலி எதுவும் இல்ல. அதுக்குத்தான் இந்த எடம்,” என்றார் அன்புசெல்வி.

“பல்லியே இல்லாத எடத்துல ஜாதகம் பாக்கறது என்ற தொழில்ல இதான் மொதத் தடவைங்க,” என்று முனகிக்கொண்டே ஜோசியர் குனிந்தார். யாழினி பக்கத்தைப் புரட்டினாள். கை நடுங்கியது.

பொருத்தம் பார்த்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். தரணி உள்ளுக்குள்ளேயே ஏதோ வேண்டிக்கொண்டிருந்தாள். ரங்காத்தாளுக்குப் பொழுது போகவில்லை. மேசையில் கிடந்த பட்டியலை இழுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெட்டியில் வேறு என்னென்ன இருக்கிறது என்று விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனாள்.

“எட்டுப் பொருத்தமுங்க!” என்றார் ஜோசியர். “பத்துக்கு எட்டு. இந்தக் காலத்துல இது பெரிய சமாச்சாரமுங்க.”

தங்கராஜ் மேசையில் தட்டினார். தரணி கண்ணை மூடிக் கும்பிட்டாள். சுப்புலட்சுமி பையிலிருந்து மைசூர்பாகு டப்பாவை எடுத்து, அன்புசெல்வியின் பார்வை பட்டதும் திரும்ப உள்ளே வைத்தாள். யாழினி நோட்டை மூடினாள். சென்னையில் பணம் கட்டிய ரசீது கோட்டுப் பையில் இருந்தது. அது இனி ஒரு காகிதம். அதற்கும் ஒரு பெட்டி பார்க்க வேண்டியதுதான்.

ரங்காத்தாள் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் விரல் பட்டியலில் ஒரு வரியில் நின்றிருந்தது.

“இதென்ன கண்ணு? ‘பிற குடும்பங்களிலிருந்து வந்த ஜாதகங்கள்’னு போட்டிருக்குது?”

“அதுங்களா... அந்தக் காலத்துல வரன் பாக்க வந்த ஜாதகமுங்க. திருப்பிக் குடுக்காம வுட்டது,” என்றாள் யாழினி.

“இதக் கொஞ்சம் எடு.”

‘ரங்காத்தாள், த/பெ சாமியப்பன், பெருமாநல்லூர்.’ அந்த வரியை யாழினியேதான் தட்டச்சு செய்திருந்தாள், எத்தனையோ பேர்களில் ஒரு பேராக. உறையைப் பிரித்து நோட்டை மேசையில் வைத்தாள். மூலைகளில் மஞ்சள் காய்ந்து பழுப்பாகியிருந்தது.

“இது என்னோடது,” என்றாள் ரங்காத்தாள்.

தரணி கும்பிட்ட கையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“கரையான் தின்னு போச்சுன்னார் எங்கப்பன். புதுசா எழுதோணும்னு குன்னத்தூர் ஜோசியர ஊட்டுக்கே கூட்டிட்டு வந்தாரு. அவரு மாப்ள ஜாதகத்தப் பக்கத்துல வெச்சுக்கிட்டே எனக்கு எழுதினாரு. நான் கதவுக்குப் பின்னால நின்னு பாத்தேன்.” அவள் தங்கராஜைத் திரும்பிப் பார்த்தாள். “இது யாருக்குன்னு வந்துது உங்க ஊட்டுக்கு?”

தங்கராஜ் விரலில் கிடந்த மோதிரத்தைத் திருகினார். அந்த வீட்டில் அப்போது கல்யாண வயதில் இருந்த ஆண்பிள்ளை ஒருத்தர்தான்.

ரங்காத்தாள் அவரை மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு தரம் பார்த்தாள். தொப்பை, சாயம் போட்ட மீசை, விரல்களில் மூன்று கல் மோதிரம். அவள் முகத்தில் வந்து போனது வருத்தம் என்று சொல்ல முடியாது. தரணியே அதைக் கவனித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள், சிரிப்பை மறைக்க.

“புடிக்கலீன்னா புடிக்கலீன்னு திருப்பிக் குடுத்திருக்கலாமுல்ல? எங்கப்பன் பங்குனி, சித்திரை, வைகாசி எல்லாம் வாசலப் பாத்துட்டு இருந்தாரு. கேக்கறதுக்குக் கூச்சப்பட்டுட்டுத்தான் கரையான்னு சொல்லியிருக்கறாரு.”

“எங்கப்பனுக்கு ஒருத்தரையும் வேண்டாம்னு சொல்ல வராதுங்க சம்பந்திம்மா,” என்றார் தங்கராஜ் மெதுவாக. அவர் குரல் அந்த அறையில் முதல் தடவையாக ‘அமைதி காக்கவும்’ பலகைக்கு மரியாதை கொடுத்தது. “ரெண்டு பேரு வெலைக்கு வந்தாலும் மாட்ட யாருக்கும் இல்லீன்னு சொல்ல மாட்டாரு. சொன்னா மனசு நோகும்னு சொல்லாமயே வுட்டுருவாரு. அப்பிடித்தான் இத்தனையும் பொட்டில சேந்து போச்சு.”

“மனசு நோகாம இருக்கோணும்னு,” என்றாள் ரங்காத்தாள்.

பிறகு நோட்டை ஜோசியர் பக்கம் திருப்பச் சொன்னாள். “படிங்க.”

“இப்ப எதுக்குங்க அது...”

“காசு வாங்கியிருக்கறீங்கல்ல. படிங்க.”

ஜோசியர் படித்தார். பிறந்தபோது எழுதிய பலன். நடந்து முடிந்த ஒரு வாழ்க்கைக்கு முன்னால் வைத்துப் படிப்பது அவருக்கும் ஒரு மாதிரியாக இருந்தது. கல்யாணம் இருபத்தாறுக்கு மேல்தான் என்றிருந்தது. “இருபத்தொண்ணுல ஆச்சு,” என்றாள் ரங்காத்தாள். பெண் குழந்தை என்றிருந்தது. “பையன்.” வயிற்றில் நோவு வரும் என்றிருந்தது. “அது வந்துது.” ஜாதகி ஊசி நூல் சம்பந்தமாகச் சொந்தத் தொழில் செய்வாள், தாய் வீட்டையும் புகுந்த வீட்டையும் விட்டு மூன்றாம் ஊரில் பேர் எடுப்பாள் என்றிருந்தது.

ஜோசியர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

“தையல் கிளாசுக்குப் போயிட்டிருந்தேன்,” என்றாள் ரங்காத்தாள், யாரிடம் என்றில்லாமல். “மிசினு வாங்கித் தாரேன்னு சொல்லியிருந்தாரு எங்கப்பன். புது ஜாதகத்துல தையல் இல்லீங்க. ஆடு மாடு விருத்தின்னு போட்டிருந்துது.”

பனியன் தைக்கிற மிஷின் இத்தனை ஓடுகிற ஊரில் ஒரு மிஷின் கிடைக்காமல் போன கதை. சிரிக்கலாம் என்றால் சிரிக்கலாம். யாரும் சிரிக்கவில்லை.

யாழினி பெட்டியிலிருந்த அந்தப் பழைய ஜாதகங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தாத்தாவால் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் பெட்டிக்குள் போன ஜாதகங்கள். எத்தனை வாசலில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டு இருந்தார்களோ. அவற்றுக்கு மேலே மஞ்சள் மணக்க ஒன்று, வேண்டாம் என்று சொல்ல முடியாமல் அவளே வைத்தது. தாத்தாவின் மூக்கு தனக்கு வரவில்லை என்று அவளுக்கு ஒரு குறை இருந்தது. வேறு ஏதோ வந்திருக்கிறது.

“இந்த நோட்டு எனக்கு வேணுங்க,” என்றாள் ரங்காத்தாள் நூலகரிடம்.

“இங்க உக்காந்து எத்தனை நேரம் வேணாலும்...”

“நல்லாச் சொன்னீங்க போங்க!” என்று இந்தத் தடவை தங்கராஜ் அவள் பக்கம் சேர்ந்து எகிறினார். “அவிய ஜாதகம், அவியளுக்கே இல்லையா? இதென்னங்க நாயம்?” அன்புசெல்வி அதே கையெழுத்துத் தாளைத் திரும்பவும் எடுக்கப் போனார்.

“ஏனுங்கம்மா,” என்றது மேசையோரத்திலிருந்து ஒரு குரல். யாழினி முகக்கவசத்தைக் கழற்றியிருந்தாள். “இந்த யாழினி நாந்தானுங்க.”

ரங்காத்தாள் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள். “அதான் கை நடுங்குச்சா? செரி. சொல்லு கண்ணு.”

“என்ற நோட்டப் பொட்டிக்குள்ள வெச்சது நாந்தானுங்கப்பா,” என்று யாழினி முதலில் அப்பாவிடம் சொன்னாள். பிறகு ரங்காத்தாள் பக்கம் திரும்பினாள். “தொலையல. எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாமுங்க. உங்க பையன் நல்லவராத்தான் இருப்பாரு. அவரை வேண்டாம்னு சொல்லலீங்க, இப்ப வேண்டாம்னு சொல்றேன். மெட்ராசுக்குப் படிக்கப் போகோணும். இத மொதல்லயே வாயத் தொறந்து சொல்லியிருக்கோணும். சொல்ல வரலீங்க.”

தரணி வாயில் கையை வைத்தாள். சுப்புலட்சுமி ஒரு சொல் விடாமல் கேட்பதற்கு வசதியாக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தங்கராஜின் முகம் சிவந்து கறுத்தது. கத்தியிருப்பார். ஆனால் இத்தனை நேரம் தன் அப்பன் வேண்டாம் என்று சொல்லாததற்கு வக்காலத்து வாங்கிவிட்டு, மகள் வேண்டாம் என்று சொன்னதற்கு எப்படிக் கத்துவது?

“என்னங்க சம்பந்திம்மா பண்றது இப்ப?” என்றார் கடைசியில். “எட்டுப் பொருத்தம் இருக்குது. இன்னிக்கே வெத்தல பாக்கு மாத்திக்கலாம்னு இருந்தோம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

ரங்காத்தாள் எழுந்தாள். தன் நோட்டை ஒரு தரம் தடவிப் பார்க்கக் கை நீட்டி, விதி ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள். “தொட்டுக்குங்க, பரவாயில்ல,” என்றார் அன்புசெல்வி. அந்தக் காப்பகத்தில் விதி வளைந்தது அந்த ஒரு தடவைதான் என்கிறார்கள்.

“உங்கப்பன் எங்கப்பனுக்கு முப்பது வருசமாப் பதில் சொல்லல,” என்றாள் தங்கராஜிடம். “நான் அத்தனை நாள் எடுக்க மாட்டேன். ஆடி கழியட்டும், ஆவணில சொல்றேன்.”

“ஆடி பொறந்துட்டா நான் புள்ளைக்குக் குடுத்த வாக்கு...”

“அது உங்க பாடு, உங்க புள்ளை பாடு,” என்றுவிட்டு வாசலில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். ‘பார்த்த ஆவணம்’ என்ற கட்டத்தில் யாழினியின் பேரை எழுதவில்லை. தன் பேரை எழுதியிருந்தாள்.

தங்கராஜ் ஒரு வாரம் மகளோடு பேசவில்லை. ஆனால் வாக்கு வாக்குதான். ஆடி பதினெட்டு கழிந்து அவரே காரில் கொண்டுபோய்ச் சென்னையில் விட்டுவிட்டு வந்தார். கோயமுத்தூர் வரை வாயைத் திறக்காமல் போனார் என்று சுப்புலட்சுமி சொல்கிறாள். திருப்பூரிலிருந்து சென்னைக்குப் போகக் கோயமுத்தூர் எதற்கு என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

ஆவணியில் ரங்காத்தாள் சொன்னபடி பதில் அனுப்பினாள்: பொருந்தவில்லை. எட்டுப் பொருத்தத்துக்கு இப்படியும் ஒரு பதிலா என்று ஜோசியர் இன்னும் புலம்புகிறார். நித்தீஷ் தை மாதம் கோபிச்செட்டிபாளையத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். ஜாதகம் கம்ப்யூட்டரில் போட்டதுதான், ரங்காத்தாள் ஒன்றும் சொல்லவில்லை. மருமகள் வந்த கையோடு அவள் திருமுருகன்பூண்டியில், சிற்பக் கூடங்களுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு ஹாலை வாடகைக்குப் பிடித்து நான்கு தையல் மிஷின் போட்டுக் குழந்தைகளுக்குக் கவுன் தைக்கிறாள். புருஷன் குன்னத்தூரில் மாடுகளோடு இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து போகிறார். ஜாதகம் பலித்துவிட்டது என்று முருகேஷ் ஜோசியர் சொல்லிக்கொண்டு திரிகிறார். எந்த ஜாதகம் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார். சுப்புலட்சுமி மகன் வீட்டோடு அவிநாசிக்குக் குடிபோய்விட்டாள். வீதி அமைதியாக இருக்கிறது, பொழுதுதான் போகமாட்டேன் என்கிறது.

யாழினிக்கு இன்னும் ஆகவில்லை. படிப்பு முடிந்து அங்கேயே ஒரு வேலையில் சேர்ந்திருக்கிறாள். ஜாதகம் பெட்டியிலேயே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், திங்கள் முதல் வெள்ளி வரை. பென்சில் அங்கேயே கொடுப்பார்கள்.